கையும் எழுத்தும்

வேலூரில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து
கேட்டார்கள்:
"யார் சொல்லிப் போட்டீர்கள் அந்த ஊசியை?"

மருந்து அலமாரிக் கதவின் உட்புறம்
ஒட்டியிருந்த தாள் சொன்னது, ஐயா.
'வலிப்பு கண்டால் முதல் ஊசியைச் செவிலியர் போடலாம்.'
கீழே டாக்டர் கையெழுத்து.

"அவர் மார்ச்சிலேயே மாறுதலில் போய்விட்டாரே?"

போய்விட்டார்தான்.
புதியவர் வந்து ஒன்பது நாள்.
அன்று ராத்திரி அவர் கீழே, ஒடுகத்தூரில்.
மலையில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டி அடியில் மட்டும்.
உண்ணாமலை கட்டிலில்,
எட்டாம் மாதம், கண் மேலே செருகி.
தொட்டிக்கு ஓடவா, மருந்தை உறிஞ்சவா?

இரண்டு பக்க இடுப்பிலும் பாதிப் பாதி போட்டேன்.
பன்னிரண்டு இருபது என்று பதிவேட்டில் எழுதினேன்.
பிறகுதான் ஓடினேன்.

"சட்டப்படி பொறுப்பு யாருடையது?"

எழுத்து அவருடையது. கை என்னுடையது.
கையெழுத்து என்று சேர்த்துச் சொல்வது
நீங்கள்தான்.

தட்டச்சு நின்றது.
"இதையும் அடிக்கவா, சார்?"

வராந்தாவில் புதிய டாக்டர்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.
"ஹெப்சிபா சிஸ்டர், வந்த அன்றைய தேதி போட்டு
ஒரு தாள் தந்துடட்டுமா?"

வேண்டாம் சார்.
இன்றைய தேதி போடுங்கள்.
அன்றைக்கு நான் இருக்கிறேன்.

இரவு மலையேறி வந்து பார்த்தால்
பசை காய்ந்துபோயிருந்தது.
பிளாஸ்திரி கிழித்து நான்கு மூலையிலும் ஒட்டினேன்,
பழைய தாளின் மேலேயே.
அதைப் பிய்க்கவில்லை.