பதினாலு புள்ளி ஏழு

முஸஃபா. ஆகஸ்ட்.
நிழலில் நாற்பத்தாறு டிகிரி.
முசல்லம் தன் பேட்ரோலை உருளைகளின் மேல் ஏற்றிவிட்டு
இறங்குவதற்கு முன்பே கேட்கிறான்:
கம் ஹிஸான்?
எத்தனை குதிரை?

ஆயில் ஃபில்டர் அட்டைப்பெட்டியைக் கிழித்து
உட்புறத்தில் கணக்கு எழுதுகிறேன்.
வெள்ளைத் தாளில் எழுதினால்
வாக்குறுதி ஆகிவிடும்.

முதலில், ஒன்றும் செய்யாமலே
வானம் நம் மேல் வைத்திருக்கும் பாரம்:
சதுர அங்குலத்துக்குப் பதினாலு புள்ளி ஏழு பவுண்டு.
என் தலையில், அவன் வெள்ளைக் கந்தூராவில்,
வாசலில் வெல்டிங் செய்யும் குல் ஸமானின் குனிந்த முதுகில்,
பேதமில்லாமல்.
யாரும் இதற்கு வாடகை கேட்டதில்லை.
இதை மட்டும் மூச்சிழுத்து
இவன் வண்டி தருவது இருநூற்று நாற்பது.

டர்போ அதற்கு மேல் பத்து பவுண்டு திணிக்கிறது.
பத்தைப் பதினாலு புள்ளி ஏழால் வகு.
ஒன்றைக் கூட்டு.
இருநூற்று நாற்பதால் பெருக்கு.
நானூற்று மூன்று.

முசல்லம் அந்த மூன்றைத் தொட்டுப் பார்க்கிறான்.
விரலில் மார்க்கர் மை.
இத்துடன் நிறுத்தியிருந்தால்
அட்டை படமாகி அவன் தம்பிகளின் போனுக்கெல்லாம் போயிருக்கும்,
எனக்கு மதியச் சாப்பாடு வந்திருக்கும்.

ஆனால் காற்று, நெருக்கினால் சுடும்.
கேம்ப் பஸ்ஸில் நாமும்தான்.
இன்டர்கூலரைத் தாண்டியும் எழுபத்தொரு டிகிரி.
சுட்ட காற்று பொரி மாதிரி,
படி நிறையும், பசி தீராது.
நூற்றுக்குப் பதின்மூன்றைக் கழித்தேன்.
முந்நூற்று நாற்பத்தொன்பது.

மிச்சம் ஐம்பத்து நாலு எங்கே என்றான்,
கல்லாவில் குறைந்ததைக் கேட்பவன் போல.
வெளியே கை காட்டினேன்.
தார்ச்சாலைக் கானலில்
மேய்ந்துகொண்டிருந்தன.

ஓட்டிப் பார்த்தோம்.
உருளைகள் அலறி அடங்கியதும் திரை சொன்னது:
முந்நூற்று நாற்பத்தாறு.
மூன்றே குதிரை பிசகு!
யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டேன்.
முசல்லம் பணத்தை எண்ணி மேஜையில் வைத்தான்.
தாளை எடுக்காமல் போனான்.

பதினெட்டு நாள் கழித்து
இழுவை வண்டியின் முதுகில் வந்தது பேட்ரோல்.
சக்கர இடுக்கெல்லாம் லிவாவின் செம்மணல்.
வேறொரு பட்டறையின் தாளை நீட்டினான்,
முத்திரை, கையெழுத்தோடு:
நானூற்று இரண்டு.

பொய் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு
பழைய அட்டையைத் தேடினேன்.
பத்துக்குப் பதில் பதினாலு பவுண்டு வைத்திருக்கிறார்கள்.
வகுத்தேன், கூட்டினேன், பெருக்கினேன்,
வெயிலுக்கு உரியதை வெயிலுக்குக் கொடுத்தேன்.
நானூற்றாறு.
என்னைவிட நாலு குறைத்தே எழுதியிருக்கிறான்
அந்த யோக்கியன்.

கணக்கில் வராதது ஹெட்டுக்குக் கீழே இருந்தது.
நான்காவது பிஸ்டன்,
எலி கடித்த பணியாரம் போல
விளிம்பு பெயர்ந்து.
என் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

மேட்டின் உச்சிக்கு எவ்வளவு பாக்கி இருந்தது?
ஒரு கார் நீளம், என்றான்.
பிறகு கைகளை விரித்துப் பார்த்துவிட்டு,
இல்லை, அரை.

குல் ஸமான் பிஸ்டனைக் கவிழ்த்து
சிகரெட் சாம்பலைத் தட்டிப் பார்த்தான்.
அளவு சரியாக இருந்தது.

முசல்லம் என் மார்க்கரை எடுத்துக்கொண்டான்.
புது அட்டையை அவனே கிழித்தான்.
ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு
இருபது பவுண்டு வைத்தால்...
வகுத்தான், பெருக்கினான்.
முந்நூற்று இருபத்தாறு என்று வந்தது.
மூன்று முறை வந்தது.
இவ்வளவு திணித்தும் குறைந்துவிட்டதே என்று
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஒன்றைக் கூட்ட மறந்திருந்தான்.
வானத்தின் பங்கு அது.
சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
சாப்பாடு வந்தது.