இருபதில் ஒருவன்

க்விலு ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது.
மைக்ராஸ்கோப்பை மடியில் அணைத்தபடி
பிள்ளைத்தாய்ச்சிபோல் உட்கார்ந்து வந்தேன்.
ஜெனரேட்டருக்குத் தனிப் படகு.

அது பகலில் உறங்கி
இரவெல்லாம் கூரையோடு பேசுகிறவர்களின் ஊர்.
புருஷன் பெயர் மறந்துபோயிருந்தது மாயலாவுக்கு.
எப்போதோ கடித்த ஒரு செட்சி ஈ.
முதுகுத்தண்டில் எடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தேன்:
விலாங்குக் குஞ்சுபோல் நெளிந்து
வெள்ளணுவை இடித்துக்கொண்டு போனது ஒன்று.
அப்புறம் இன்னொன்று.

பழைய மருந்தில் ஆர்சனிக்.
பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று
கண்ணாடிச் சிரிஞ்சில் ஏற்றுவார்கள்.
நரம்புக்குள் மிளகாய் ஓடுகிறது என்றான்
என்னோடு ஒரே வயிற்றில் கிடந்த ந்சிம்பா.
இருபதில் ஒருவரை மருந்தே கொல்லும்;
தெரிந்துதான் போட்டார்கள், வேறு மருந்து இல்லை.
மற்றப் பத்தொன்பது பேர் எங்கள் சந்தையில்
மீன் விற்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள்.
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
எண்ணாமல் இருக்கத்தான் முடியவில்லை.

உறையைப் பிரித்தோம். மாயலாவுக்கு விழுந்தது மாத்திரை.
பத்து நாள், வெறும் வயிற்றில் கூடாது.
"ஊசி எங்கே?" என்றாள் அவள் அக்கா.
"வலிக்காத மருந்துக்கு நோய் பயப்படுமா?"
படிவத்தின் முதல் கேள்வி, சாப்பிட்டாளா என்பது.
பக்கத்தில் குந்தியிருந்து பார்த்து எழுதினோம்:
லூக்கு, அரைக் கைப்பிடி.
மரவள்ளிக் கீரை, இரண்டு வாய்.
நான்காம் நாள் துப்பினாள். அதையும்.

பதினெட்டு மாதம் ஆட்களைத் தேடி அலைந்தோம்.
முதுகு ஊசி என்றதும் காட்டுக்குள் ஓடினவர்கள்,
வைரம் தோண்ட அங்கோலா போனவன்,
படகு கவிழ்ந்து இறந்தவள்,
மாத்திரை தின்றும் இறந்த இருவர்.
எல்லார் பெயருக்கும் எதிரே பேனாவால் எழுதினோம்.
தூர தேசத்தில் யாரோ
இந்தத் தாள்களை அடுக்கி வைத்துக்
கூட்டிக் கழிக்கப்போகிறார்கள்;
எங்கள் சேற்றுக் கைரேகையும் அதில் இருக்கும்.

இன்று கடைசித் தகடு.
இருப்பதைப் பார்க்க ஒரு கணம் போதும்.
இல்லை என்று பார்க்கத்தான்
கண் எரிய எரிய
ஓரம் ஓரமாய்த் தடவிப் போகவேண்டியிருக்கிறது.
நெளிவு ஏதுமில்லை. மறுபடி பார்த்தேன்.
வெறும் நீர்.

வெளியே யாரோ போட்ட கூச்சல்.
ஓட்டைக் கூடையை எவன் தலையில் கட்டினான் உனக்கு,
ப்ளாசீட் முகோகோ, ஏய், ப்ளாசீட் முகோகோ,
காது இருக்கிறதா இல்லையா?

ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னேன்,
இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று.