மாற்றுக் கோல்கீப்பரின் கணக்கு

பன்னிரண்டு ஆட்டம். வென்றது இரண்டு,
அதில் ஒன்று எதிரணி வராததால்.
டோங்காட் கல்லூரியில் பெண்கள் நூற்றுப்பத்துப் பேர்,
கால்பந்துக்கு வந்தவர்கள் பதினான்கு,
பூட்ஸ் இருந்தவர்கள் ஒன்பது.
பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிவைத்தது நான்,
எண் பதினாறு.
கையுறை மட்டும் புதுசு.

சட்டை கொடுத்தது மெயின் ரோட்டுச் சவ அடக்க நிலையம்.
முதுகில் அவர்கள் பெயர், தொலைபேசி எண்,
'இருபத்துநான்கு மணி நேரமும்'.
ஸ்டாங்கரில் எங்களுக்கு ஏழு கோல் விழுந்தபோது
வேலிக்கு அப்பாலிருந்து ஒருத்தன் கத்தினான்:
நம்பர் எழுதியிருக்கே, கூப்பிடுங்க!
நோக்குபோங்கா சிரித்துவிட்டாள். கேப்டன் அவள்.
கேப்டனே சிரித்தால் மற்றவர்கள் என்ன செய்வது,
எட்டாவது விழும்வரை சிரித்தோம்.

களத்தில் எங்களுக்கு மூன்று பாஷை.
ஷேஷா என்றால் ஓடு.
மேன் ஆன் என்றால் முதுகுக்குப் பின்னால் ஆள்.
போடு டி என்றால்
யுகேஷ்னிக்குப் போடு, வேறு யாருக்கும் போடாதே.

சித்திரைப் பருவத்துக்குக் காவடி எடுக்க
விரதம் இருந்தாள் யுகேஷ்னி,
மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.
தோபிலே கையில் ஆட்டுத்தோல் வளையம்,
முன்னோருக்கு அறுத்த ஆடு,
மயிரோடு, வாடை இன்னும் போகாமல்.
பைன்டவுன் நடுவர் இரண்டையும் கழற்றச் சொன்னார்.
நகை கூடாதாம்.
நகையா, என்றாள் தோபிலே.
இது தானாக அறுந்து விழணும்.
இதைக் கோயிலில்தான் அவிழ்க்கணும், என்றாள் யுகேஷ்னி.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மருந்துப் பெட்டியிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து
இருவருக்கும் நாலு சுற்றுச் சுற்றினேன்.
அந்தப் பருவத்தில் நான் செய்த முதல் தடுப்பு.
வெறும் வயிற்றோடு யுகேஷ்னி இரண்டு கோல் போட்டாள்.
தோற்றோம், மூன்றுக்கு இரண்டு.

ஜூனில் பயிற்சியாளர் போய்விட்டார்:
உம்லாங்காவில் வங்கி வேலை,
வாட்ஸ்அப்பில் ஒரு வரி, ஒரு கைகூப்பு.
அதற்குப் பின் அணியை மினிபஸ்ஸில் தேர்ந்தெடுத்தோம்.
முன்சீட்டில் உட்கார்ந்தவர்கள் முன்வரிசை.
ஓட்டுநர் டெஸ் கோவெண்டருக்கு ஆஃப்சைடு புரியாது,
ஆனாலும் கருத்துச் சொல்வார்.
அடுத்த ஆட்டத்தில் வென்றோம்.
ஏன் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கரும்பு எரிக்கும் மாதங்கள்.
சாயங்காலம் வயலுக்குத் தீ வைப்பார்கள்,
கருஞ்சாம்பல் இழை இழையாக மைதானத்தில் இறங்கும்.
சட்டையில் விழுந்ததைத் தொட்டால் கோடு,
தொடாவிட்டால் பூச்சி.
துப்பினால் கறுப்பு.

கடைசி ஆட்டம், சொந்த மைதானம், எம்பாங்கேனியோடு.
ஒன்றுக்கு ஒன்று. எண்பதாவது நிமிடம்
தோபிலேயின் சுண்டுவிரல் வேறு திசையைப் பார்த்தது.
எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.
பெஞ்சில் நான், நோட்டு, பாதி ஆரஞ்சு.

முதல் பந்து முகத்தில் பட்டு வெளியே போனது.
நல்ல தடுப்பு என்றார்கள்.
நான் பந்தைப் பார்க்கவே இல்லை.

நான் இறங்கிப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கும். கார்னர்.
பந்து எழுந்தது, விளக்குக் கம்பத்தின் உயரத்துக்கு,
அப்போது மின்வெட்டு.
எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அட்டவணை ஒட்டியிருந்தது,
ஒருத்தருக்கும் நினைவில்லை.
இருபத்திரண்டு பேர் இருட்டில், பந்து மேலே எங்கோ.
போடு டி என்று ஒரு குரல்.
யார், யாரிடம்?
குதித்தேன்.

டெஸ் மினிபஸ்ஸின் விளக்கைப் போட்டார்.
பந்து என் கையில்.
நடுவர் என் காலடியில் குனிந்து கோட்டைத் தேடினார்,
உள்ளேயா வெளியேயா,
சுண்ணாம்பு மிதிபட்டு, மேலே சாம்பல்.
ஷூவால் தேய்த்துப் பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார்.
எம்பாங்கேனிப் பெண்கள் கோல் என்றார்கள்,
எங்கள் பெண்கள் தெய்வத்தின்மேல் சத்தியம் செய்தார்கள்,
அவரவர் தெய்வத்தின்மேல்.

நான் பந்தை விடவில்லை.
நீ எங்கே நின்றாய் என்று
என்னை யாரும் கேட்கவும் இல்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
நோட்டில் அந்த ஒரு கட்டம் இன்னும் காலி.