இரவுப் பணி, பள்ளத்தூர் துணைமின் நிலையம்

சுமை பதினான்கு மெகாவாட் என்று எழுதுகிறேன்.
எங்கிருந்து வந்தது என்று கேட்கப்
பதிவேட்டில் கட்டமில்லை.

வெயில் இறங்கும்வரை பொட்டலின் தகடுகள் கொடுத்தன.
முன்பு அங்கே காரைச்செடி, செவத்தியின் ஆடுகள்.
இப்போது தகடு கழுவுகிறாள்.
ஆட்டைவிட லாபம்தான் என்கிறாள்,
டேங்கர் உறிஞ்சிய ஊருணியில்
இன்னும் மூன்று படி வெளியே தெரிவதைப் பார்த்தபடி.

இருட்டினால் தெற்குக் கடலோரத்து அணு.
புகை கிடையாது, சாம்பல் கிடையாது.
எரிந்து தீர்ந்த கோலை மட்டும்
பல்லாயிரம் வருஷம் காவல் காக்கணும்.
எங்கள் ஊரில் பூட்டிய வீட்டுக்கே
வாட்ச்மேன் கிடைப்பதில்லை.

எல்லாரும் ஒரே நேரம் மோட்டார் போட்டால்
கூப்பிட்டதும் ஓடிவருவது எரிவாயு.
குழாய் போன வயலைப் பற்றி
டெல்டாவில் வாழ்க்கைப்பட்ட தங்கை
போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பத்து பன்னிரண்டு. ஃபீடர் ட்ரிப்.
கல்யாண வீட்டிலிருந்து அழைப்பு:
"எப்பங்க வரும்?"
எது வரும் என்று
இந்தப் பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

டார்ச்சோடு போன சாத்தையா
கம்பத்தடியிலிருந்து "போடுங்கண்ணே" என்றான்.
போட்டேன்.
வளவு முழுக்க சீரியல் பல்பு.

காரணம் எழுதக் கட்டம் உண்டு.
எழுதினேன்:
மயில்.