இடது முன் சக்கரம்

அறுபதைத் தொட்டால் தொடங்கும்.
திருமயம் சாலையில்தான் முதலில் கேட்டேன்.
புதுத் தார், எதிர்க்காற்று இல்லை.
பாட்டை நிறுத்தினேன், கண்ணாடியை ஏற்றினேன்.
அப்போதும் யாரோ வாயை மூடிக்கொண்டு
ஒரே சுருதியில் முனகுகிற மாதிரி.

எழுபத்தைந்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.
எண்பத்தைந்தில் நின்றுவிடும்.
எனக்குப் பயம் அந்த நிற்பதில்தான்.
திடீரென்று காய்ச்சல் இறங்கிய மாடு
தேறிவிட்டதா, கைவிட்டதா,
விடிந்தால்தான் தெரியும்.

நான் மாட்டு டாக்டர்.
என்னிடம் வருகிற எதுவும்
எங்கே வலிக்கிறதென்று சொன்னதில்லை.
அதனால் முறையாகவே போனேன்.

ஓட்டத்திலேயே நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
முனகல் நிற்கவில்லை. எஞ்சினை விட்டுவிடலாம்.
மண் டயர் போட்டால் இரையத்தான் செய்யும் என்றார்கள்
பங்கில் காற்றுப் பிடிக்க வந்தவர்கள், ஆளுக்கொரு தடவை.
முன்சக்கரத்தைப் பின்னுக்கும்
பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றினேன்.
முனகல் இருந்த இடத்திலேயே இருந்தது.
நடுக்கம் மட்டும் கையை விட்டு
இருக்கைக்கு இறங்கிவிட்டது.

இத்தனை நாள் ஒரு நோய் என்றிருந்தேன்.
இரண்டு.

பள்ளத்தூர் வளைவில்
வலப்பக்கம் ஒடித்தால் குரல் ஏறுகிறது,
இடப்பக்கம் ஒடித்தால் அடங்குகிறது.
பாரம் சாய்கிற காலில்தான் நோவு.
மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
இடது முன். பேரிங். சந்தேகம்.

கழனிவாசலில் சந்தியாகு பட்டறை.
சீட்டை நீட்டினேன், படிக்கவில்லை.
ஜாக்கி ஏற்றினார்.
சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை,
அசைத்தார். டொக்.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அச்சருகே ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்துக் கண்ணை மூடினார்.
பையன் சக்கரத்தைச் சுழற்றினான்.
நான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.
வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.
"இதுல எல்லாமே கேக்குது டாக்டரம்மா.
எனக்கு ஒண்ணு கேட்டாப் போதும்."

பிரித்தார்.
கிரீஸ் பால்காபி நிறத்தில் வழிந்தது.
"தண்ணியில இறக்குனீங்களா?"

இறக்கினேன்.
கார்த்திகை. இரண்டு நாள் மழை.
கண்மாய்க் கலுங்கு தாண்டி வெள்ளக்கண்ணு வீட்டு மாடு,
மத்தியானத்திலிருந்து
கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே.
தண்ணீர் படிக்கட்டு வரை இருந்தது.
நிதானிக்கவில்லை, இறக்கிவிட்டேன்.

"ஓடிச் சூடான சக்கரம்
சில்லுன்னு முங்குச்சுன்னா
சீல் வழியா ஒரு வாய் உறிஞ்சிக்கும்.
அப்புறம் மெல்ல மெல்லத்தான் பேசும்."

மாடு பிழைத்தது.
தோள்வரை கையை விட்டு நான் எடுத்த கன்று
ஈரம் துடைக்கும் முன்பே குளிர்ந்துவிட்டது.
இதை அவரிடம் சொல்லவில்லை.

பின்சக்கரத்தைப் பையன் கழற்றிப் புரட்டினான்.
ரிம்மின் உட்பக்கம், ஒரு பக்கமாக,
உள்ளங்கை அகலத்துக்குக் கண்மாய்க் களி,
சுட்ட ஓடு போல இறுகி.
கடப்பாரை முனையால் தட்டினான். விழுந்து உடைந்தது.
உள்ளே ஒரு வைக்கோல், ஒரு நத்தை ஓடு.
கால்கிலோகூட இருக்காது.
ஒன்றரை டன் வண்டியை
இரண்டு மாதமாக ஆட்டியிருக்கிறது.

பில்லில் மூன்று வரி:
பேரிங், சீல், கிரீஸ்.
மண் எடுத்ததற்குக் காசில்லை.

சாயங்காலம் அதே திருமயம் சாலை.
அறுபது. எழுபத்தைந்து.
ஒன்றும் இல்லை.
கைகள் மட்டும் பழக்கத்தில்
ஸ்டீயரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன.

கானாடுகாத்தான் விலக்கில் போன் அடித்தது.
ஓரம் கட்டினேன்.
வெள்ளக்கண்ணு.
"மாடு காலையிலேர்ந்து கத்துதும்மா,
சினைக்குத்தான். ஊசி போட வர்றீகளா?"

கலுங்கில் இப்போது
தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன்.