அரை ஓம்

மேசையில் மூன்று குப்பிகள்.
மூடிகளில் என் கையெழுத்து:
உருகி. பாலிமர். பீங்கான்.
நாளை பத்து மணிக்குள்
ஒன்றைச் சொல்லியாக வேண்டும்,
நாற்பதாயிரம் இணைப்புகளுக்கு.

ஜன்னலுக்கு வெளியே தண்டையார்பேட்டை
தாரோடு சேர்ந்து வேகிறது.
எண்ணெய் லாரி போகும்போதெல்லாம்
மூன்று குப்பியும்
சில்லறை மாதிரிச் சிணுங்குகின்றன.

உருகி எளிது.
குலோத்துங்கனுக்கு அதன் விலை மனப்பாடம்.
மின்சாரக் கம்பி அறுந்து
தொலைபேசிக் கம்பிமேல் விழுந்தால்
கேள்வி கேட்காமல் தன்னை எரித்துக்கொள்ளும்.
அதன்பின் அந்த வீட்டுப் போன் ஊமை,
தேசிங்கு வந்து மாற்றும்வரை.

தேசிங்கு எப்படி வருவான் என்பது
விலைப்பட்டியலில் இல்லை.
போன ஐப்பசியில் கொருக்குப்பேட்டையில்
ரயில்வே கேட் மூடிக் கிடக்க,
இடுப்பளவு தண்ணீரில்
கருவிப்பையைத் தலையில் வைத்து நடந்தான்.
பதினேழு உருகி மாற்றினான்.
பதினெட்டாவதைத் தொட்டபோது
பிழை இன்னும் கம்பியிலேயே இருந்தது.
இப்போது இடதுகைச் சுண்டுவிரல் மடங்காது.
"டீ கிளாஸ் புடிக்க ஸ்டைலா கீது மேடம்" என்கிறான்.

பாலிமர் வேறு ரகம்.
ஓட்டம் மிஞ்சினால் சூடாகும், வீங்கும், வழி மறிக்கும்.
பிழை போனதும் ஆறும், வழி விடும்.
யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.
ஆனால் பழைய அளவுக்கு வராது.
நேற்று ஒரு ஜோடியில் ஒன்றை மட்டும்
பதினைந்து முறை சுட்டு, ஆறவிட்டு, அளந்தேன்:
ஏழு ஓம் எட்டரை ஆகியிருந்தது.
விவரத்தாளில் அதைத் தேடினேன்.
இருந்தது,
அடிக்குறிப்பாக, எறும்பெழுத்தில்.

போன் என்பது இரண்டு கம்பி.
இரண்டும் ஒத்து நடந்தால் அமைதி.
ஒன்று காலைத் தாங்கினால் போதும்,
பக்கத்து மின்கம்பியின் முனகல்
பேச்சுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

சோதனைக்கென்று பாலிமர் போட்ட தெரு
காசிமேட்டில் ஒன்று உண்டு.
ஐஸ் ஃபாக்டரி ரோஸ்லின்
மூன்று வருடமாக எழுதுகிறாள்:
'விடியக்காலை போட்டுக்காரங்க
முப்பது பார் கேக்குறாங்களா
முன்னூறு கேக்குறாங்களா தெரியலை.
லைன்ல வண்டு உக்காந்திருக்கு.'
'பிழை காணப்படவில்லை' என்று
மூன்று முறை கோப்பை மூடியிருக்கிறோம்.
கடைசி முறை மூடியது நான்.
அந்த வண்டின் எடை
ஒன்றரை ஓம்.

பீங்கான் தடிமன். விலை இரண்டு மடங்கு.
மறிக்கக் கொஞ்சம் தாமதிக்கும்,
அதுவரை அட்டை தாங்க வேண்டும்.
மின்னலுக்கு முன்னால்
வாயுக்குழாய் ஒன்று நிற்க வேண்டும்.
மே மாதம் தெருப்பெட்டிக்குள் அறுபது டிகிரி,
அந்தச் சூட்டில் இதன் பொறுமையும் பாதியாகும்.
பாதியும் பேச்சுக்குப் போதும்,
இரண்டு தரம் கணக்குப் போட்டுவிட்டேன்.
சுட்டபின்
ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்புகிறது.
இந்த 'ஏறக்குறைய'வை நான்தான் சேர்க்கிறேன்,
விற்பவர் சேர்க்கவில்லை.

இரவு எட்டுவரை ஜோடி சேர்த்தேன்.
பத்துப் பொருத்தம் வேண்டாம்,
அரை ஓமுக்குள் ஒரே பொருத்தம்.
நூறில் பன்னிரண்டு தனியாக மிஞ்சின.
எறிய மனமில்லை.
நாலாவது குப்பி ஒன்று எடுத்தேன்,
மூடியில் எதுவும் எழுதவில்லை.

குலோத்துங்கன் கூப்பிட்டார்:
"உருகிதானே?"
"இல்லை."
அவர் பக்கம் பேச்சில்லை.
நல்ல லைன், மூச்சு கூடத் தெளிவாகக் கேட்டது.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டம் சிறியது.
'தேசிங்கின் சுண்டுவிரல்' என்று எழுதி
அடித்துவிட்டு
'ஜோடி வித்தியாசம் அரை ஓமுக்குள்' என்றேன்.
அடித்தது தெரிகிறது. தெரியட்டும்.

பிறகு ரோஸ்லினுக்குப் போட்டேன்.
வண்டுதான் முதலில் எடுத்தது.
அதன் பின்னால் அவள்:
"யாரு? எத்தனை பார்?"
"சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.
"அம்பதா?" என்றாள்.
"சரியா சொல்லுங்க, அம்பதா?"