தொண்ணூற்று மூன்று சதவீதம்

கித்துராய் ரவுண்டானாவுக்குப் பின்னால்
செருப்புத் தைப்பவருக்கும் சிம் கார்டு விற்பவளுக்கும் நடுவே
ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் என் கடை.
ஜெராக்ஸ், பக்கம் ஐந்து ஷில்லிங்.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள்.
எப்போதும் அதே புத்தகம், அதே பக்கம்,
நாற்பத்தொன்பதாம் பிரிவு.
நான் படித்தேன் என்று சொல்ல முடியாது.
வெளிச்சம் அடியில் ஓடித் திரும்பும் நேரத்தில்
கண்ணில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்:
கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும்,
அவருக்குப் புரிகிற மொழியில்.
பேசாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு.
இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கோர்ட்.

என் தம்பி கிசிலு
பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது.
பைக்கை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
"எதுக்கு?" என்றானாம்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்றார்கள் பார்த்தவர்கள்.
ஹெல்மெட் மட்டும் கடைக்கு வந்து சேர்ந்தது,
உள்பஞ்சில் ஈரம் காயாமல்.

ஸ்டேஷன் சுவரில் நீலப் பெயிண்டில் பெரிய எழுத்து:
ஜாமீனுக்குக் கட்டணம்
அதற்குப் பிறகு ஓர் இரும்பு அலமாரி.
'இல்லை' அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சார்ஜென்ட் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
"தம்பி பேர் பதிவேட்டில் எந்த நம்பரில் இருக்கிறது?"
"அதெல்லாம் கேட்க யார் சொல்லித் தந்தது?"
யாருமில்லை, சார். மெஷின்.

"இருபத்துநான்கு மணி நேரம்," என்றேன்,
கொஞ்சம் உரக்கவே.
அப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார்.
கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்,
சில்லறையைச் சரியாக எண்ணி முடித்தவரின் சிரிப்பு.
"இன்றைக்கு என்ன கிழமை?
அடுத்த வரியைப் படிக்கவில்லையா நீ?
கெடு முடியும்போது கோர்ட் பூட்டியிருந்தால்
திறக்கிற நாள் வரைக்கும் அவன் இங்கேதான்."

அடுத்த வரி.
என் கண்ணாடியைவிட அந்தப் பக்கம் அரை விரல் நீளம்.
அடி வரி எப்போதும் வெளியே விழுந்துவிடும்.
எத்தனை பிள்ளைகளுக்கு விற்றிருப்பேன்,
வெள்ளிக்கிழமை இல்லாத சட்டத்தை.

காது சுட்டது. காலை மட்டும் நகர்த்தவில்லை.
நம்பர், என்றேன்.
டீக்குக் காசு கேட்டார். நம்பர், என்றேன்.
கடலைத் தோலை ஊதினார், போன் பேசினார்,
யாரையோ உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.
நம்பர்.
எட்டரை மணிக்கு நோட்டைத் திறந்து
அதுவரை எழுதாத பெயரை எழுதினார்.
அறுபத்து மூன்று.
மணிக்கட்டில் குறித்துக்கொண்டேன்.
நம்பர் இல்லாதவனை
நாங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடலாம்.
பெஞ்சில் இருந்த சோமாலியப் பெண்
என் கையை இழுத்துப் பார்த்துவிட்டு
பேனாவைக் கேட்டு வாங்கி எழுந்தாள்.

வெளியே வந்து பின்பக்கம் போனேன்.
மூத்திர நாற்றம், உயரத்தில் ஒரு சின்னக் கம்பி ஜன்னல்.
கம்பா மொழியில் கத்தினேன்:
"கிசிலு! வாயை மூடு! எதிலும் கையெழுத்துப் போடாதே!"
வாயை மூடு என்று
முப்பது வருஷமாக அவனிடம் சொல்லிவருகிறேன்.
இந்த முறை அது சட்டம்.

திங்கள் பதினோரு மணிக்கு
மாஜிஸ்ட்ரேட் அவனைப் பார்த்தது ஒன்றரை நிமிடம்.
காரணம் என்ன என்று அவரும் கேட்டார்.
அவனை உள்ளே வைத்த அதே கேள்வி.
அவரை யாரும் ஓரங்கட்டச் சொல்லவில்லை.
இடது கண் வீங்கி வெளியே வந்தான்.
பைக் இன்னும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது,
கண்ணாடி ஒன்று குறைவாக.

கடையைத் திறந்ததும் முதல் வேலை,
மெஷினைத் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்குக் குறைத்தேன்.
எழுத்து கொஞ்சம் பொடிதான்,
கண்ணுக்கருகே பிடித்துத்தான் படிக்க வேண்டும்.
அடி வரி விழுகிறது.
விலை அதே ஐந்து ஷில்லிங்.
பழைய பிரதி வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால்
காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன்.